மொட்டை மாடியில் மயில்: வடசென்னைப் பறவைகள் எதை நம்பி நம்மோடு இருக்கின்றன?

தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் ஓர் ஆண் மயில். அதன் தோகை கீழே கொடியில் காயும் லுங்கி வரை தொங்குகிறது. தூரத்தில் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள். இருபது நொடிக் காணொலிதான். இப்படி ஒன்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் நான்கு பதில்கள் வரிசையாக வந்துவிடும். "மழை வரப்போகுது." "காட்டை அழிச்சோம், அதான் ஊருக்குள்ள வருது." "ஃபாரஸ்ட்ல சொல்லிப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க." "இறகு கிடந்தா தொடாதீங்க, கேஸ் போட்டுருவாங்க."

நான்கில் எதுவும் முழுச் சரியில்லை. முதலாவதைச் சற்று மன்னிக்கலாம். மயிலின் இனப்பெருக்கக் காலம் பல பகுதிகளில் மழையை ஒட்டி வருவதால், ஆட்டமும் மழையும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன. ஆனால் அது ஆடுவது பெட்டைக்காக, மேகத்துக்காக அல்ல. மற்ற மூன்றையும் தெளிவாக்க, மயிலை மட்டும் பார்த்தால் போதாது. காசிமேட்டுப் பருந்து, சௌகார்பேட்டைப் புறா, ராயபுரத்துக் குருவி எல்லாம் இதே கணக்கில் வருகின்றன.

ஒரு பறவை ஊருக்குள் தங்க என்ன வேண்டும்?

மனிதக் குடியிருப்பை ஒட்டியே பிழைப்பை நடத்தும் பறவைகளை 'ஒட்டி வாழும் பறவைகள்' என்று இங்கே வைத்துக்கொள்வோம். வளர்ப்புப் பறவை வேறு. அதற்கு நாம் தீனி போடுகிறோம், கூண்டு கட்டுகிறோம். ஒட்டி வாழ்வது யார் பொறுப்பிலும் இல்லை. நாம் கொட்டுவதையும், கட்டுவதையும், கவனிக்காமல் விட்டுவைப்பதையும் வைத்து அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிறது. அதற்கு வேண்டியவை மூன்று:

1. இரை. ஆண்டு முழுக்க, அலையாமல் கிடைக்க வேண்டும். பெரிய பறவை தானியத்தில் சமாளித்தாலும் குஞ்சுக்குப் பெரும்பாலும் புழு பூச்சி வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசம் பின்னால் குருவி விஷயத்தில் முக்கியமாகும்.

2. கூடும் அடையும் இடமும். இரண்டும் ஒன்றல்ல. கூடு என்பது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க மட்டும். அந்த வேலை முடிந்தால் பெரும்பாலான பறவைகள் கூட்டில் தூங்குவதில்லை; மாலையானதும் ஏதாவது மரத்திலோ கம்பத்திலோ போய் அடைகின்றன.

3. பயமில்லாமை. வேட்டையாடும் விலங்கு குறைவாக இருக்க வேண்டும், மனிதர்கள் துரத்தாமல் இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் எந்தத் தெருவில் எப்படிக் கிடைக்கின்றன என்று தெரிந்தால், அங்கே எந்தப் பறவை இருக்கும் என்று போகாமலே ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

மயில் காட்டுப் பறவையா?

குழப்பம் இங்கேதான் ஆரம்பம். மயில் என்றால் காடு என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அடர்ந்த காடு அதற்கு அவ்வளவு தோதான இடம் இல்லை. நான்கிலிருந்து ஆறு கிலோ வரை எடையுள்ள ஆண், அத்தனை நீளத் தோகையோடு நெருக்கமான மரங்களுக்கு நடுவே எப்படி நடமாடும்? அதற்குப் பிடித்தது புதர், புல்வெளி, வயல் ஓரம். பக்கத்தில் குடிக்கத் தண்ணீர். இரவில் ஏறி அடைய உயரமாக ஏதாவது ஒன்று.

இந்த வர்ணனையை வைத்துக்கொண்டு மாதவரத்திலிருந்து புழல், செங்குன்றம், மீஞ்சூர் வரை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஏரிக்கரை, நெல் நிறுத்திய வயல், மனை பிரித்துக் கல் நட்டு ஆண்டுக்கணக்கில் வீடு எழும்பாத நிலம், அதில் ஆளுயரத்துக்குச் சீமைக் கருவேலம், நடுவில் மிச்சமிருக்கும் நாலு பனை. மயிலுக்கென்றே தயார் செய்து வைத்தது போலிருக்கும்.

நாட்டளவிலும் மயில் பெருகித்தான் வருகிறது. பறவை ஆர்வலர்கள் பதிவு செய்யும் தரவுகளைத் தொகுத்து வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 2020, 2023 இரண்டு பதிப்புகளிலும் இதையே சொல்கிறது. காரணங்கள் பல, ஒன்றோடொன்று பின்னியவை:

1. தரிசு நிலம். உழவு நின்ற இடத்தில் புல் விதை, வெட்டுக்கிளி, கரையான், ஓணான், சுண்டெலி, குட்டிப் பாம்பு எல்லாம் பெருகும். மயில் இதில் எதையும் வேண்டாம் என்று சொல்லாது.

2. சீமைக் கருவேலம். விவசாயிகள் சபிக்கும் அதே முள்மரம் மயிலுக்குப் பகலில் நிழல், கூடு வைக்க மறைவு. பெட்டை மயில் தரையில்தான் முட்டையிடும். லேசாகக் குழித்த மண், சுற்றிலும் முள் இருந்தால் போதும்.

3. எதிரிகள் போனது. நரியும் காட்டுப்பூனையும் ஊர்ப்புறத்தில் அருகிவிட்டன. அந்த இடத்தைத் தெருநாய் ஓரளவு பிடித்திருக்கிறது. பறக்கத் தெரியாத குஞ்சை நாய் விடாது. ஆனால் மரத்தில் அடையும் பெரிய மயிலை நாயால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

4. சட்டமும் சாமியும். 1963இல் தேசியப் பறவை ஆனது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்தது. முருகனின் வாகனத்தின் மேல் கல்லெறிய நம் ஊர்களில் கை வராது என்பது சட்டத்துக்கும் முந்தைய பாதுகாப்பு.

5. நிலம் வறள்வது. இது கேரளத்தில் பளிச்சென்று தெரிகிறது. 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது மயிலைப் பார்க்கவில்லை. இன்று அங்கே மயில் சாதாரணமாகிவிட்டது. ஈரம் குறைந்து வறண்ட சூழல் பரவுவதன் அடையாளம் இது என்று கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சென்னைப் பக்கம் முன்பிருந்தே வறண்ட நிலம்தான் என்பதால் இங்கே இந்தக் காரணம் பின்வரிசையில்தான் நிற்கும்.

ஆக, "காட்டை அழித்தோம், ஊருக்குள் வந்தது" என்பதைத் திருத்திச் சொல்ல வேண்டும். அழிந்தது வயல். அந்த வயலுக்கும் வரப்போகும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் இடைக்காலத்தில் மயில் குடியிருக்கிறது. எல்லா மனையிலும் வீடு வந்தால் அது போயாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொந்த வீடு, மனை வேண்டிச் சென்னைக்காரர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் போய் வரும் சிறுவாபுரி முருகன் கோயில் இதே வடக்குச் சாலையில்தான் இருக்கிறது. அங்கே மரகத மயில் பிரசித்தம். வேண்டுதல் பலித்து மனை வாங்கி அஸ்திவாரம் தோண்டும்போது இடம் பெயர்வது யார் என்று பக்தர்கள் யோசிப்பார்களா, தெரியாது.

விவசாயி சொல்வதும் நியாயம்தான்

மொட்டை மாடியில் மயில் என்றால் செல்ஃபி. வயலில் மயில் என்றால் நஷ்டம். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் இன்னும் நெல்லும் வேர்க்கடலையும் போடுபவர்களிடம் கேட்டால் வேறு மாதிரிப் பேசுவார்கள். விதைத்த கடலையைக் கிளறித் தின்கிறது, நாற்றங்காலை மிதிக்கிறது, கதிரை உருவுகிறது, காய்த்த தக்காளியைக் கொத்திவிட்டுப் போகிறது. பூச்சியையும் எலியையும் தின்று உதவுகிறதே என்று சொன்னால், அந்த உதவியை யார் எடை போட்டார்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். நகரத்தில் உட்கார்ந்து 'இயற்கையோடு வாழ்வோம்' என்று எழுதுவது சுலபம். அதற்கான செலவு அவர்கள் கணக்கில் போகிறது.

இந்தப் பிரச்சினை நம் ஊரோடு நிற்பதில்லை. 2016இல் கோவாவில் மயிலைத் தொல்லை தரும் விலங்குகளின் பட்டியலில் சேர்க்கும் யோசனை எழுந்து பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. ஆனால் சட்டப்படி அதற்கு வழியே குறுகல். அதைக் கீழே பார்ப்போம்.

காசிமேட்டிலும் கொடுங்கையூரிலும் எழுதிய கணக்கு

மயிலுக்குத் தரிசு என்றால், பருந்துக்கும் காக்கைக்கும் கழிவு.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் முடியும் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள். கரும்பருந்துகள் பத்து, இருபது என்று வட்டமிடும். வால் நுனி உள்வாங்கிக் கவை போலிருந்தால் கரும்பருந்து. செங்கல் நிற உடம்பும் வெள்ளைத் தலையுமாக இருந்தால் செம்பருந்து, அதாவது பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன். அரிவாள்மனையில் மீன் அரியும் பெண்கள் குடலையும் செதிலையும் ஒரு பக்கமாகத் தள்ளுவார்கள். முதலில் காக்கை வரும், பிறகு கொக்கு தத்தித் தத்தி வரும், பருந்து மட்டும் தரையில் இறங்காமல் பறந்த வாக்கில் காலால் அள்ளிக்கொண்டு போகும். குளிர்காலத்தில் கடற்காகங்களும் இந்தப் பந்தியில் சேர்ந்துகொள்ளும். அவை வலசை வருபவை, கோடை நெருங்கும்போது வடக்கே திரும்பிவிடும்.

சற்றுத் தள்ளிக் கருவாடு காய்கிறது. பரப்பிய நெத்திலிக்கு மேல் வலை, அதன் நடுவில் ஒரு குச்சி, குச்சி நுனியில் கிழிந்த கறுப்பு பிளாஸ்டிக் பை. காற்றில் அது படபடக்கும்போது செத்த காக்கை தொங்குவது போலிருக்கும். மற்றக் காக்கைகள் சற்று விலகியே நிற்கும். இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் அது பை என்று காக்கைக்குத் தெரிந்துவிடும். பிறகு பையை இடம் மாற்ற வேண்டும்.

காக்கையின் இந்த நினைவாற்றல் கதை அல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், முகமூடி அணிந்து காக்கைகளைப் பிடித்து விட்ட ஆய்வாளர்களை, அந்த முகமூடியைப் பார்க்கும்போதெல்லாம் அவை பல ஆண்டுகள் கழித்தும் கூட்டமாகத் திட்டித் தீர்த்தன. அது வேறு காக்கை இனம். ஆனாலும் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைத் தொட்ட ஆளை நம் ஊர்க் காக்கை நாள்கணக்கில் தலையில் கொத்தத் துரத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு இதன் பெரிய வடிவம். பல பத்தாண்டுகளாக நகரின் குப்பை குவிந்த, நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பு. பருந்துக்கு எலியும் இறைச்சிக் கழிவும், கொக்குக்குப் புழுவும் ஈயும், காக்கைக்கு எல்லாமும். வியாசர்பாடி, எருக்கஞ்சேரி வானத்தில் பருந்து நிறைந்திருப்பதைப் பார்த்து 'இயற்கை செழிப்பாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், அவர் பார்ப்பது குப்பையின் உயரத்தை. பழைய குப்பையைத் தரம் பிரித்து அகற்றி நிலத்தை மீட்கும் பணி முடிந்து, வீட்டுக் கழிவும் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டால், பருந்தும் காக்கையும் குறையும். அப்போது 'பறவைகள் அழிகின்றன' என்ற தலைப்பில் செய்தி வராமல் இருக்க வேண்டும்.

காக்கை பற்றி இன்னொன்று. காக்கைகள் ஒரே பகுதியில் கொத்தாகச் செத்து விழுந்தால் அது பறவைக் காய்ச்சலின் முதல் அறிகுறியாக இருக்கலாம். 2021 ஜனவரியில் ராஜஸ்தானில் அப்படித்தான் தெரியவந்தது. மின்சாரம் தாக்கி ஒன்றிரண்டு சாவது வேறு விஷயம். கொத்தாகக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். மாதிரி போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போய் உறுதியாகும். கோழியும் முட்டையும் நன்றாக வெந்திருந்தால் சாப்பிடுவதில் ஆபத்து இல்லை.

குருவிக்குப் பொந்து, புறாவுக்கு விளிம்பு

ஒரே சுவரில் குருவி குறைகிறது, புறா பெருகுகிறது. ஏன்?

சிட்டுக்குருவி பொந்தில் கூடு கட்டும். ஓட்டுக் கூரையின் இடுக்கு, உத்தரம் சுவரில் சேரும் ஓட்டை, மீட்டர் பெட்டியின் பின்புறம், தாத்தா படத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சாய்வு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் இதெல்லாம் தாராளமாக இருந்தது. கான்கிரீட் அடுக்குமாடியில் ஓட்டையே கிடையாது. இருந்தாலும் சிமென்ட் பூசிவிடுவார்கள். தானியமும் முன்போல் சிந்துவதில்லை. கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. அரிசி, பருப்பு எல்லாம் பாக்கெட்டுக்குள் போய்விட்டன. தானியம் கிடைத்தாலும் குஞ்சுக்குப் பூச்சி வேண்டுமே? முற்றமும் செடியும் இல்லாத தெருவில் பூச்சிக்கு எங்கே போகும்?

இதனால்தான் மயில் விஷயத்தில் பார்த்த பறவைகளின் நிலை அறிக்கையின் 2020 பதிப்பு ஒரு விநோதமான நிலவரத்தைச் சொன்னது: நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி கிட்டத்தட்ட நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைகிறது. செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்ற பரவலான நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. வடசென்னையில் பள்ளி மாணவர்களைக் கொண்டு மரக்கூடு செய்து மாட்டும் கூடுகள் அறக்கட்டளையின் வேலை 2024 நவம்பரில் பிரதமரின் வானொலி உரை வரை போனது. கூட்டுப் பெட்டி பொந்துக்கு மாற்று, சரி. பூச்சிக்கு மாற்று, பெட்டிக்குப் பக்கத்தில் மருந்தடிக்காத நாலு செடி. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பெட்டி காலியாகத் தொங்கும்.

புறாவின் கதை நேர் எதிர். அதன் மூதாதை பாறை இடுக்குகளில் வாழ்ந்த மாடப்புறா. ஏசி பெட்டியின் மேல்புறம், சன்னல் ஸ்லாப், மேம்பாலத்தின் அடிப்பகுதி எல்லாமே அதன் கண்ணுக்குப் பாறை விளிம்புதான். குஞ்சுக்குப் பூச்சியும் தேட வேண்டாம்: தாயும் தந்தையும் தம் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற பொருளை ஊட்டிவிடும். மேலே சொன்ன மூன்று தேவைகளில் கூட்டைக் கட்டடமும் இரையைத் தானியம் இறைக்கும் கைகளும் பார்த்துக்கொள்கின்றன. ஆண்டில் பல முறை குஞ்சு பொரிக்கிறது.

இதில் சுகாதாரப் பக்கமும் உண்டு. காய்ந்த எச்சமும் இறகுத் தூசியும் நெடுநாள் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வரும். அது முற்றினால் நுரையீரல் தழும்பேறிவிடும். மும்பையில் 2025இல் புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை மூடச் சொன்ன உத்தரவும், அதை எதிர்த்து தாதரில் நடந்த போராட்டமும் இதை ஒட்டித்தான். எச்சத்தைக் கூட்டும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டுவது எளிய முன்ஜாக்கிரதை.

வியாசர்பாடி, புளியந்தோப்பு மாடிகளில் மரக்கூண்டு வைத்து வளர்க்கும் பந்தயப் புறாக்களை இதோடு குழப்பக் கூடாது. காலில் வளையம் போட்ட ஹோமரும், வானில் கர்ணம் அடிக்கும் கர்ணப் புறாவும் வளர்ப்பவர் கையில் தீனி வாங்குபவை, ஒட்டி வாழ்பவை அல்ல. ஆனால் திரும்பி வராமல் போன பந்தயப் புறா எங்கே போகிறது? ஏதாவது ஸ்லாப்பில் உட்கார்ந்து சாதாப் புறாக் கூட்டத்தில் கலந்துவிடும். நகரப் புறாக்கள் எல்லாமே இப்படி வீட்டை விட்டு வந்தவற்றின் வாரிசுகள் கலந்தவைதான்.

நூல்

காத்தாடிக் காலத்தில் மாஞ்சா. கண்ணாடித் தூள் பூசிய நூல் பைக்கில் போகிறவர் கழுத்தை அறுத்தால் செய்தியாகிறது. அறுந்து மரத்தில் சிக்கிய நூல் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும், நைலான் மக்காது. தண்டையார்பேட்டையில் எந்த வேப்ப மரத்தையும் கூர்ந்து பார்த்தால் வெளிறிய நூல் தெரியும், சிலவற்றில் இறக்கை விரிந்தபடி காய்ந்துபோன காக்கையும் தெரியும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. சென்னையில் காவல்துறைத் தடையும் இருக்கிறது. அந்தத் தடை நூலை வாங்குவதையும் விற்பதையும் பற்றிப் பேசுகிறது. மரத்தில் தொங்கும் நூலை எடுப்பது யார் வேலை என்று எங்கும் எழுதவில்லை.

எண்ணூர் ஏன் வேறு

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துப் பறவைகள் ஒட்டி வாழ்பவை அல்ல. கூழைக்கடா, நாரை, வலசை வரும் உள்ளான், வடக்கே பழவேற்காட்டில் பூநாரை எல்லாம் சதுப்பையும் சேற்றையும் நம்பியவை. நாம் கொட்டுவது அவற்றுக்கு இரை இல்லை, விஷம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இந்த முகத்துவாரத்தில் பரவியபோது, கறுத்த இறகோடு பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்களின் படங்களை எல்லோரும் பார்த்தோம். எண்ணெய் படிந்தால் இறகு நீரைத் தடுக்கும் திறனை இழக்கிறது. பறவை அலகால் கோதிச் சுத்தம் செய்யப் போய் அந்த எண்ணெயை விழுங்குகிறது.

அதாவது எதையும் தின்று எங்கும் தங்கும் பறவை நம்மோடு பெருகும். ஒரே வகை இடத்தை நம்பும் பறவை நம்மால் குறையும். மயிலும் பருந்தும் புறாவும் கூடுவதைக் காட்டி, முகத்துவாரத்தில் குறைவதற்கு ஈடு கட்ட முடியாது. தென்சென்னைக்குக் கிண்டி தேசியப் பூங்கா உண்டு. பள்ளிக்கரணைக்கு 2022இல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. எண்ணூர் சதுப்புக்குக் கிடைத்தது அனல்மின் நிலையச் சாம்பல்.

சட்டம் என்ன சொல்கிறது

மயில் பற்றிய வாட்ஸ்அப் பதில்களில் அதிகம் தவறு இருப்பது இங்கேதான்.

1. அட்டவணை என்றால் என்ன? 1972ஆம் ஆண்டுச் சட்டம் உயிரினங்களைப் பாதுகாப்பின் அளவுக்கேற்ப அட்டவணைகளாகப் பிரிக்கிறது. 2022 திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கியது. மயில் அன்றும் இன்றும் முதல் அட்டவணை. காக்கை முன்பு எலியோடு சேர்த்து 'தீங்குயிர்' என்ற 5ஆம் அட்டவணையில் இருந்தது; அந்த அட்டவணையே இப்போது இல்லை.

2. வேட்டை என்றால் சுடுவது மட்டும் அல்ல. பிடிப்பது, அடைப்பது, விஷம் வைப்பது எல்லாம் வேட்டை. பறவைகளைப் பொறுத்தவரை முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும்கூட அந்த வரையறைக்குள் வரும். மயில் முட்டையை எடுத்து வந்து அடைக்கோழியின் கீழ் வைப்பதும் குற்றம்தான், நல்லெண்ணத்தில் செய்தாலும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

3. இறகு. 'மயிலே மயிலே என்றால் இறகு போடுமா' என்று கேட்பார்கள். கேட்காமலே போடும். ஆண் மயில் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகை இறகுகளை ஆண்டுதோறும் உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கும். (தோகை என்பது வாலும் அல்ல, வாலை மூடியிருக்கும் மேல் இறகுகள் நீண்டது. நிஜ வால் அதன் அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும்.) தானாக உதிர்ந்த தோகை இறகை வைத்திருப்பதற்கும் உள்நாட்டில் விற்பதற்கும் சட்டம் விலக்கு தருகிறது, கோயில் வாசலிலும் தர்கா வாசலிலும் மயிலிறகு விற்க முடிவது அதனால்தான். ஏற்றுமதி கூடாது. பிடுங்கிய இறகு என்றால் அடித்தண்டில் சதையோ இரத்தக் கறையோ இருக்கும். சிக்கல் வருவது அங்கே.

4. கொல்ல அனுமதி கிடைக்குமா? முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானால், அல்லது மீளாத நோயோ ஊனமோ அடைந்தால் மட்டுமே தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தரலாம். பயிர்ச்சேதம் அந்தக் காரணங்களில் இல்லை. தீங்குயிர் என அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருந்தாலும் அது முதல் அட்டவணைக்குப் பொருந்தாது. கோவா யோசனை போன்றவை எங்கும் போகாததற்குக் காரணம் இந்தச் சுவர்.

5. பச்சைக்கிளி. கூண்டில் வளர்ப்பது, விற்பது, சோதிடத்துக்கு வைத்திருப்பது எல்லாமே குற்றம். வீட்டில் பிறந்து வளர்ந்தது என்ற வாதம் நிற்காது. லவ் பேர்ட்ஸ் போன்ற வெளிநாட்டுப் பறவைகள் வேறு கணக்கு.

சரி, மாடிக்கு மயில் வந்துவிட்டது

மூன்றாவது பதிலுக்கு வருவோம்: பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாமா? ஆரோக்கியமாக நடமாடும் மயிலைப் பிடித்து வேறெங்கோ விடுவதால் பலன் இல்லை. தரிசும் இரையும் இருக்கும் வரை அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். பிடிக்கும் அதிர்ச்சியில் பறவை காயப்படுவதும் உண்டு. மின்கம்பியில் அடிபட்டதென்றால், நாய் கடித்ததென்றால், மாஞ்சாவில் சிக்கியதென்றால் வனத்துறையைக் கூப்பிடலாம். அவர்கள் வரும் வரை அட்டைப் பெட்டியாலோ துணியாலோ மூடி இருட்டில் வையுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள்.

தீனி வைக்காதீர்கள். வைத்தால் நாளை வாசலில் நிற்கும், மறுநாள் பக்கத்து வீட்டு மாடித் தோட்டத்துத் தக்காளியில் நிற்கும். அந்த வீட்டுக்காரர் உங்களைப் போல் சாதுவாக இருக்க வேண்டும் என்றில்லை. கார்க் கண்ணாடியை ஆண் மயில் கொத்தினால் அது கோபித்துக்கொண்டது தன் பிம்பத்தின் மேல். இனப்பெருக்கக் காலம் முடியும் வரை ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். விடியுமுன் அது அகவும் சத்தத்துக்கு மட்டும் மருந்து கிடையாது.

எதிர்மனையை வாங்கியவர் சுத்தம் செய்ய ஜேசிபி கொண்டுவருகிறார் என்றால், அதற்கு முந்தின நாள் காலை முள்புதருக்குள் ஒரு நடை நடந்து பார்ப்பது நல்லது. மங்கிய பழுப்பு நிறத்தில் பெட்டை மயில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் சட்டென்று கண்ணில் படாது. மூன்று நான்கு அடி தூரத்தில் போய்த்தான் தெரியும். பாதாம் நிறத்தில் நாலைந்து முட்டைகள் அதன் வயிற்றுக்கடியில் இருக்கும். அடை இருபத்தெட்டு நாள். குஞ்சுகள் பொரிந்ததுமே தாயின் பின்னால் நடந்து வெளியேறிவிடும். ஜேசிபிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் ஒரு மாதம் தள்ளி வரச் சொல்லலாம். மணலியிலிருந்து மீஞ்சூர் வரை அவருக்கு வேறு மனைகள் இருக்கும்.